ரயிலுக்கு எழுந்தா இளைக்கிற ராட்சசன்

கார்டு விக்கிறது ரெண்டு நிமிஷ வேலைங்க. வித்த கார்டுல எழுதியிருக்கிறதுக்கு நியாயம் சொல்றதுதான் பொழுதன்னிக்கும் வேலை, கல்லால உக்கார்ற உங்களுக்குத் தெரியாததா?

பஜார்ல என் ஃபேன்சி ஸ்டோர். மருமகன் பெங்களூர்லருந்து இந்தச் சண்டை கார்டுங்களைக் கொண்டாந்து எறக்கினான். ஞாயித்துக்கிழமை ஆனா கடை உள்ளயே மேஜை போட்டு நாலு பேர் ஆடுவாங்க. ரூல்ல சந்தேகம்னா ஆயா ஆயான்னு என்னைத்தான் கேப்பாங்க. போன ஞாயிறு ஜெயிக்கிறவங்க பெங்களூர் போட்டிக்குப் போலாம்னு இருந்துச்சு. தையல் கம்பெனியில வேலை செய்ற ரேவதி, ஒவ்வொரு தடவையும் கடைசி ஆட்டத்துல தோத்தவ, அன்னிக்கு உக்கார முடியாம உக்காந்திருந்தா. எனக்கும் கால் ஒரு எடத்துல நிக்கல.

கொழுக்கிற ராட்சசன்

சேகர் ராட்சசன் கார்டை எறக்கினான். அதுக்கு சொந்த பலம் ரெண்டுதான். ஆனா எதிர்ல எத்தினி பேர் ஆடுறாங்களோ அத்தினி பலம் கூடும்னு போட்டிருக்கு. எதிர்ல ரேவதி, மணி, குணா மூணு பேர். ஆச்சா, அஞ்சு! ரேவதியோட காவக்காரனுக்கு நாலுதான். மாரிகுப்பத்துல என் நாத்தனாரும் இப்படித்தான், எதிர்ல ஆளு சேர சேர குரல் ஏறும், அத்த விடுங்க. ரேவதி அந்தக் கார்டை வாங்கி முன்னயும் பின்னயும் திருப்பிப் பார்த்தா. "இன்னா ஆயா அநியாயம், நாங்க உக்காந்திருக்கிறதே அவனுக்கு சோறா?"

எண்ணினதோட சரி

மணி போட்டது மந்திர கார்டு. போடற நேரத்துல உன் பக்கம் எத்தினி வீரனோ அத்தினி பலம் உனக்குக் கூடும், அந்தச் சுத்து முடியிற வரைக்கும். மூணு வீரன், மூணு பலம். சேகர் உடனே மணியோட ஒரு வீரனை அடிச்சுத் தூக்கிட்டு, பலமும் ரெண்டாச்சுன்னு குதிச்சான். இல்லடா, அது போட்டப்போ எண்ணினதோட சரி; உன் ராட்சசன்தான் ஆள் கூடினா கூடுவான், குறைஞ்சா குறைவான்னேன். எங்க வூட்டுக்காரரு தங்க மைன்ல இருந்தப்போ, ஆளுங்களைக் குழிக்குள்ள எறக்கற கேஜ் கெளம்பறதுக்கு முன்னாடி தலைய எண்ணி... சரி, டீ ஆறிப்போவுது. ரேவதி மட்டும் மெதுவா கேட்டா: "அப்போ மணியோடது ஹாஜர் எடுத்துட்டுப் போற வாத்தியார், சேகரோடது தலைய எண்ணிக்கினே நிக்கிற மேஸ்திரியா ஆயா?"

சாயங்கால ரயிலு

அதுக்கப்புறம் பாருங்க, அவ கை நத்தை ஆயிடுச்சு. கார்டை அடுக்குவா, கலைப்பா, டீக்கு இன்னும் சக்கரை கேப்பா. சேகர் அடிக்க வந்தப்போல்லாம் சின்னச் சின்ன ஆளுங்களை முன்னாடி தள்ளிவுட்டு காவக்காரனைக் காப்பாத்தினா. கண்ணு மட்டும் சுவத்துக் கடியாரத்து மேலயே. மணியும் குணாவும் வாரம் பூரா பெங்களூர்ல தங்கி வேலை செய்றவங்க. ரயிலுக்கு நேரமாச்சுன்னு பையைத் தூக்கிக்கினு எழுந்துட்டாங்க. சேகர் போய் வாசலை மறிச்சான். "ஒரே ஒரு சுத்துடா! ஸ்டேஷனுக்கு நான் வண்டில வுடறேன்டா!" "ரயிலு இன்னா உங்கப்பனுதா?"ன்னு அவனைத் தள்ளிட்டு ஓடினானுங்க.

சேகர் என் மூஞ்சியப் பார்த்தான். எழுந்து போனவன் எதிராளி இல்லப்பா, அதான் ரூல்னேன். எதிர்ல ரேவதி ஒருத்திதான், ராட்சசன் மூணுக்கு இளைச்சுட்டான். அவ நாலு பலம் காவக்காரனைத் தூக்கி அடிச்சா. சேகர் கையில வேற வீரனே இல்ல, ஆட்டம் முடிஞ்சுது. "பெங்களூர்ல எவனும் ரயிலுக்கு எழுந்துக்க மாட்டான், அங்க இன்னா பண்ணுவே?"ன்னு கடுகடுத்தான். ரேவதி கார்டுங்களைப் பொறுக்கிக்கினே, "அங்க ஊருக்குத் திரும்பற ரயிலுக்கு எழுந்துக்கப் போறவ நான்தானே, அதுக்குள்ள ஜெயிச்சுடுவேன்!"

நம்ம ஊர்ல ரூல் காகிதத்தைத் தொலைச்சாலும் கடை ஓடும்ங்க, ரயில் நேரம் தெரியாம எந்த ராட்சசனுக்கும் பலம் சொல்ல முடியாது.