வந்துட்டாரு என்கிறவள்

இடுப்பளவு கடலுக்குள் நின்று, கல்லைக் கட்டி ஊறப்போட்ட தாழை ஓலைக் கட்டை இழுக்கிறாள் லெசியேலி. கை இழுக்கும்போதே வாயும் ஓடுகிறது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே. என் வீட்டுக்காரரைக் கொண்டாந்து சேத்துட்டீங்க. நல்லபடியா வந்துட்டாரு. ஸ்தோத்திரம்."

பக்கத்தில் என் ஓலையை அலசிக்கொண்டிருக்கும் எனக்குக் காது கூசும். வந்துட்டாராம்! எங்கே வந்தார்? அவள் புருஷன் ஃபோலாவு மீன்பிடிக்கப் போன படகு பாறைத்திட்டுக்கு வெளியே கவிழ்ந்து மிதந்ததை ஊரே கூடிப் பார்த்தது. அதில் போன மூன்று பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஒரு புயல் காலம் போய் மறு புயல் காலமும் வந்தாயிற்று. கடல் திருப்பித் தருவதாக இருந்தால் எப்போதோ தந்திருக்கும்.

லெசியேலிக்குப் பெருத்த உடம்பு, அதற்குப் பொருந்தாத சின்னப் பாதம். வேடிக்கையாக ஒன்றைச் சொல்லப் போகிறாள் என்றால் சொல்வதற்கு முன்பே சிரித்து முடித்துவிடுவாள். பிறகு சொல்ல மறந்துவிடுவாள். உடுப்புக்கு மேல் கட்டிக்கொள்ள நான் முடைந்த பாயில் ஓர் இழை கோணினால் போதும், கேட்காமலே பிரித்துவிட்டு, "இதைக் கட்டிக்கிட்டுப் போனா ஆண்டவர் உன்னையும் கோணலாத்தான் பாப்பாரு" என்பாள். அவளுக்கு இருக்கிற ஒரே கர்வம் கூந்தல். சந்தன வாசம் ஏற்றிய தேங்காயெண்ணெய் தடவி, இடுப்புக்குக் கீழே தொங்கும் அதைச் சுருட்டிக் கொண்டை போடுவதற்குள் கோயில் மணி அடித்து ஓய்ந்துவிடும்.

தொழில் இடுப்புப் பாய் முடைவது. அதிலும் துக்கப் பாய்க்கு எங்கள் டோங்காத் தீவுகளில் அவளைத் தேடித்தான் வருவார்கள். சாவு விழுந்தால் நாங்கள் கறுப்பு உடுத்தி, மேலே முரட்டுப் பாயைச் சுற்றிக் கட்டுவோம். செத்தவருக்கு மனைவி என்றால் பாய் பெரிதாக, கரடுமுரடாக இருக்கும். அந்தப் படகில் போன மற்ற இருவரின் மனைவிமாருக்கும் துக்கப் பாய் முடைந்து கொடுத்தவள் லெசியேலிதான். தனக்கு மட்டும் முடையவில்லை. ஞாயிறுதோறும் வெள்ளை உடுத்திக் கோயிலுக்கு வருவாள்.

அந்த இருவரில் ஒருத்தி சியோசியானா. பின்னொரு நாள் அந்தப் பாயைச் சீர்செய்ய வந்தவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரே படகுடி. என் புருஷன் செத்துட்டாரு, உன் புருஷன் மட்டும் மூச்சு விடுறாரோ?"

லெசியேலி தலை நிமிராமல் பாயின் ஓரத்தைக் கத்தரித்தாள். "உனக்கு ஆண்டவர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. எனக்கு வந்துட்டாருன்னு சொல்லிட்டாரு."

சியோசியானாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்திருக்கும். எனக்கே இருந்தது.

ஆண்டவர் அவளுக்குச் சொன்னது எப்போது என்றால், புத்தாண்டு வார விடியற்கால ஜெபத்தில். காணாமல்போன மகன் தகப்பனிடம் திரும்பிய கதையைப் போதகர் பிரசங்கித்தார். அதில் வரும் கொழுத்த கன்று எங்கள் தீவுக்கு ஒத்துவராது என்று அவர் எப்போதும் அதைப் பன்றியாக்கிவிடுவார். அன்றைக்கும் மேசையைத் தட்டி, "தொலைஞ்சவன் வந்துட்டான்! அடிங்க பன்னியை!" என்று முழங்கினார். லெசியேலி சட்டென்று எழுந்து வெளியே போனாள். வயிற்றுக்கு முடியவில்லை போலும் என்று நினைத்தேன். ஜெபம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது அவள் வீட்டுப் பக்கம் பன்றி அலறிக்கொண்டிருந்தது.

மத்தியானம் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. கடைசியில் மனம் தேறி துக்கச் சோறு போடுகிறாள் என்றுதான் ஊர் நினைத்தது. கறுப்பு உடுத்தி, பாய் சுற்றி, அழுவதற்குத் தயாராகப் போய் நின்றோம். அவளோ காதில் பூவைச் செருகிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"என்ன இது, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி? உக்காருங்க. அவரு வந்ததுக்குச் சாப்பாடு."

குழியடுப்பில் வெந்த கறி, சேப்பங்கிழங்கு, எல்லாம் அருமையான பக்குவம். ஒருவரும் கை வைக்கவில்லை. போதகர் முகம் வெளுத்துப்போய் அவளைத் தனியே கூப்பிட்டார். "அம்மா, நான் சொன்னது கதையில வர்ற பையனை. ஃபோலாவுவைச் சொல்லலம்மா."

"தெரியும் ஐயா. நீங்க அந்தப் பையனைத்தான் சொன்னீங்க. ஆண்டவர் உங்க வாயை வெச்சு என் வீட்டுக்காரரைச் சொன்னாரு. வருவான்னு சொல்லியிருந்தா காத்துக்கிட்டு இருந்திருப்பேன். வந்துட்டான்னுட்டாரே. நன்றி சொல்றதைத் தவிர எனக்கு என்ன வேலை?"

அன்றிலிருந்துதான் இந்த நன்றி. ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், "உனக்குப் பயமே கிடையாதாடி?" என்று. ஓலையைக் கிழித்துக்கொண்டே, "நெறைய இருக்கு. பயந்துக்கிட்டே நன்றி சொல்லக்கூடாதா?" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

இந்த ஊரில் அவளால் எதிர்த்துப் பேச முடியாத ஆள் ஒருத்தி உண்டு. ஃபோலாவுவின் அக்கா கலோலைனே. எங்களிடையே தம்பி வீட்டில் அக்கா வைத்ததுதான் சட்டம்; அதிலும் சாவு வீட்டில் அவளுக்கு மிஞ்சி யாருமில்லை. துக்கக்காரர்களின் கூந்தலைத் துக்க அடையாளமாக வெட்டுவது அவள் கை. அவள் கூந்தலை மட்டும் யாரும் தொடக்கூடாது, அவ்வளவு உயர்ந்த இடம். இந்தக் கலோலைனேவுக்கு இப்போது நெஞ்சில் வியாதி. நாலு வார்த்தைக்கு ஒருமுறை இருமி, வாயைத் துணியால் பொத்திக்கொள்கிறாள்.

போன வாரம் தம்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "மனைவி பாய் கட்டாத வீடு சாவு வீடில்லை. எனக்கு அழ இடமில்லாம ஆக்கிட்டியே, பாவி! அவனுக்கு ஒரு பாட்டு உண்டா, ஒரு ஒப்பாரி உண்டா? நான் கண்ணை மூடுறதுக்குள்ள என் தம்பிக்கு நான் அழணும்டி."

லெசியேலி கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள். "அண்ணி சொன்னா மறுபேச்சு இல்லை" என்றாள்.

நேற்றுத்தான் துக்கம் வைத்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். லெசியேலி கறுப்பு உடுத்தி, மார்புவரை ஏறும் முரட்டுப் பாயைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவளை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குத் தாளவில்லை, அழுதுவிட்டேன். பாட்டு ஆரம்பித்தது. கலோலைனே மடியில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். லெசியேலி முழந்தாளால் நகர்ந்து போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். கூந்தல் தரையில் புரண்டது.

"வெட்டுங்க அண்ணி. கறுப்பு உடுத்துன்னீங்க, உடுத்திட்டேன். முடி குடுன்னீங்க, இந்தாங்க. வந்துட்டாருன்னு சொல்றதை மட்டும் விடச் சொல்லாதீங்க."

கலோலைனே கூந்தலை மொத்தமாகப் பிடித்தாள். கத்தரி வாய் திறந்தது. பாட்டு தானாக நின்றது. அவளுக்கு இருமல் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அவன் வந்தா..." என்று தொடங்கினாள்.

"வந்துட்டாரு அண்ணி."

கலோலைனே பிடித்த கூந்தலை மெல்ல விட்டாள். நாங்கள் ஐயோ என்று கத்துவதற்குள், தன் நரைத்த கொண்டையிலிருந்த சீப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காதோரமாகக் கத்தரியை வைத்து, யாரும் தொடக்கூடாத தன் முடியையே வெட்டத் தொடங்கினாள்.