செத்த வீட்டில் அசைந்த கன்னம்

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தேன். காதுக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு கட்டி வந்தது. சுரப்பியை எடுத்தபோது அதற்குள்ளால் ஓடிய முக நரம்பையும் வெட்ட வேண்டியதாயிற்று. என் காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கன்னத்தில் தைத்து, குழி விழாமல் தசையும் வைத்து மூடினார்கள். நரம்பு மெல்லத்தான் வளரும், ஒரு வருடம்கூடச் செல்லலாம், அசையாமலே போகவும் கூடும் என்றார் டாக்டர்.

பாதி முகம் தொங்கிவிட்டது. தேநீர் வாயோரத்தால் வழியும். பெற்றோல் அடிக்க வருகிறவர்கள் நான் குடித்திருப்பதாக நினைத்தார்கள். எங்கள் தமிழ் ஆட்கள் இன்னும் மோசம். "ஐயோ பாவம்" என்று நேரேயே சொல்லிவிட்டுப் போவார்கள். கலியாணம், பிறந்தநாள் என்று எதற்கும் போவதை விட்டேன்.

என்னை விடாதவன் ஒருவன்தான், கூட வேலை செய்த நண்பன். ஞாயிறு தவறாமல் மனைவியோடு வருவான். சப்பாத்தைக் கழற்ற முன்னரே, "எங்கை, ஒருக்கா சிரியும் பாப்பம்" என்பான். சிரிப்பேன். ஒன்றும் நடக்காது. "பரவாயில்லை, வாற கிழமை பாப்பம்" என்பான். சில நாள் எரிச்சலாக இருக்கும். ஆனால் அவன் வரச் சற்றுப் பிந்தினால் யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவன் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டான்.

உடலை வீட்டு ஹோலில் வைத்திருந்தார்கள். எங்கள் செத்த வீடுகளில், வருகிற ஒவ்வொருவரையும் இறந்தவருக்குச் சொல்லிச் சொல்லித்தான் பெண்கள் அழுவார்கள். நான் உள்ளே போனதும் அவன் மனைவி, "இஞ்சாருங்கோ, உங்கட சிநேகிதன் வந்து நிக்கிறார், எழும்புங்கோ" என்று கதறினாள். எனக்கும் அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். என் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு அவன் பக்கம் குனிந்து இன்னும் பெரிதாக அழுதாள்.

"ஐயோ, அண்ணையின்ர கன்னம் அசையுதப்பா! ஒவ்வொரு கிழமையும் கேட்டனீங்களே, இப்ப அசையுது, ஒருக்காக் கண்ணைத் திறந்து பாருங்கோவன்!"

கன்னத்தில் கை வைத்தேன். உண்மைதான், விரலுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது.

இப்போது ஓரளவு நன்றாகவே சிரிக்கிறேன். ஆனால் தன் தலையில் இடி விழுந்த அந்த நேரத்திலும் என் முகத்தில் வந்த சின்ன அசைவைக் கண்டு, அதைக் கணவனுக்குச் சொல்லத் தவித்த அவளை நினைக்காமல் நான் ஒருநாளும் கண்ணாடி பார்த்ததில்லை.