ஆடு வளர்ப்பும் சடுகுடு வளர்ப்பும்

போன வாரம் தவளக்குப்பம் ஜங்ஷனில் பஸ் ஏறினேன். முன் சீட்டுக்காரர் வேட்டியைச் சற்றே ஏற்றி முழங்காலில் வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டார். பஸ் முழுக்க அந்தச் சில்லென்ற காரவாசனை. பக்கத்து அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். என் முதல் வேலை எனக்கு ஞாபகம் வருவது இந்த வாசனையில்தான். கூடவே கொஞ்சம் உரமூட்டை வாசனையும் சேர்ந்தால் முழுசாகவே வந்துவிடும்.

உரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பாகூர் கடைத்தெருவில் ஓர் உரக்கடை. அதன் பின்பக்கம் ஓர் அறை. அறை வாசலில் பச்சைப் பலகை, மஞ்சள் எழுத்து: ‘சடுகுடு வளர்ப்பு அறக்கட்டளை.’ உரக்கடை முதலாளிதான் அதை ஆரம்பித்தவர், தலைவர், பல நாள் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பவரும் அவரே. இளவயதில் ஆடப்போய் முன்பற்கள் இரண்டை மண்ணில் விட்டுவிட்டு வந்தவர். “பல்லு போன சந்துல காத்து நல்லா வருது, அதான் பாட்டு நிக்காது” என்பார். சுற்றுவட்டாரத்தில் ஆடுகிற பிள்ளைகளுக்கு முட்டி உறை, முட்டை, வாழைப்பழம், போட்டிக்குப் போக வேன். அறக்கட்டளையின் பணி இவ்வளவுதான்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டுக் கம்பெனி வேலைக்குக் காத்திருந்தேன். மைதானத்துக்கு ஸ்கோர்போர்டு செய்ய ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். போய்ச் செய்து கொடுத்தேன். அது நன்றாக எரிந்தது. விளக்கு எரிவது என்ற பொருளில். இன்னொரு பொருளில் எரிந்தது மழைக்காலத்தில்தான். அதற்குள் நான் அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எதையும் வரிசை போட்டு எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. “இந்தப் பொண்ணு தும்மணும்னாகூட லிஸ்ட் போட்டுட்டுதான் தும்மும்” என்பார் முதலாளி.

பலகையில் இருந்த ‘வளர்ப்பு’ என்ற சொல்தான் எங்களுக்குத் தொல்லை. உரக்கடைக்குப் பின்னால் வளர்ப்பு என்று எழுதியிருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? மீன் குஞ்சு கேட்டு வந்தார்கள். காளான் விதை கேட்டு வந்தார்கள். சடுகுடு என்பது நாட்டுக்கோழியா, கலப்பினமா என்று ஒரு பெரியவர் அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

கரியமாணிக்கத்திலிருந்து ராணியக்கா வந்ததும் அப்படித்தான். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவர். பின்னால் அவர் மகள் செல்வி, சுவரில் சாய்ந்தபடி.

“ஆடு தர்றீங்களாமே?” என்றார் ராணியக்கா.

“நாங்க ஆடறவங்களுக்குத்தான்மா உதவி பண்றோம். ஆட்டுக்கு இல்ல” என்றார் முதலாளி.

“இன்னாங்க கொழப்புறீங்க? ஆடுன்னா ஆடுதான?”

“இது ஓடி ஆடறதும்மா. சடுகுடு.”

“அத்தக் கேட்டீங்கன்னா இதோ நிக்கறா பாருங்க. வூட்ல ஒரு துரும்ப நவுத்தமாட்டா. தெருவுல பசங்களோட எந்நேரமும் சடுகுடுதான்.”

முதலாளி செல்வியின் தோளையும் காலையும் பார்த்தார். “செரி, பொண்ண தெனம் ஆட அனுப்பு. எங்க வூட்டு வெள்ளாடு குட்டி போட்டிருக்குது. பெட்டக்குட்டி ஒண்ணு ஓட்டிக்கினு போ.”

ஆடு கொடுத்து ஆட ஆள் பிடித்த அறக்கட்டளை உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

செல்வி அப்போது ப்ளஸ் டூ முடித்திருந்தாள். புதுச்சேரி அணிக்குத் தேர்வானால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம். இல்லாவிட்டால் தை மாதம் கடலூர் அத்தை மகனோடு கல்யாணம். ராணியக்கா அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “எடுத்தா காலேஜு, எடுக்கலன்னா அத்த வூடு.”

“மாமா நல்லவருதான்க்கா” என்றாள் செல்வி என்னிடம். “ஆனா எனக்கு இன்னும் மூச்சு இருக்குதே.”

அந்த மூச்சில்தான் சிக்கல். போட்டி விதிப்படி எதிரணிக்குள் பாடிப் போகிறவள் ‘கபடி’ என்றுதான் பாட வேண்டும். வேறு எதைப் பாடினாலும் நடுவர் விசில் ஊதுவார், எதிரணிக்குப் புள்ளி. செல்வி கபடி என்று அழகாகத்தான் ஆரம்பிப்பாள். யாராவது காலைப் பிடித்ததும் நாக்கு தெருவுக்கு ஓடிவிடும். “கபடி கபடி சடுகுடு சடுகுடு...”

ஒரு நட்பு ஆட்டத்தில் முதன்முதலாக விசில் ஊதியபோது முதலாளி கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

“இன்னா சார் தப்பு?”

“கபடின்னு பாடணும் சார். அவங்க சடுகுடுன்னு பாடறாங்க.”

“எங்க டிரஸ்டு பேரே அதான் சார்!”

“அப்ப டிரஸ்டுக்கு பாயிண்ட் தர்றேன். டீமுக்கு வராது” என்றார் நடுவர்.

நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டேன். நாக்கு நழுவும் நேரங்கள், காரணங்கள், மாற்று வழிகள். கடைசியில் மைக் வைத்து, கழுத்தில் மாட்டுகிற ஒரு பஸ்ஸர் செய்தேன். தப்பாகப் பாடினால் கத்த வேண்டும். அது செல்வி சரியாகப் பாடினாலும் கத்தியது, ரோட்டில் ஸ்கூட்டர் போனாலும் கத்தியது. அவள் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். “நாக்குக்கு ஒயர் இழுக்க முடியாதுக்கா.”

சில நாள் கழித்து முகம் மலர வந்தாள். “ஆட்டுக்குப் பேரு மாத்திட்டேன். இன்னிமே அது லட்சுமி இல்ல, கபடி.”

எனக்குப் புரியவில்லை.

“அவுக்கும்போது கபடி, தண்ணி காட்டும்போது கபடி. அது வேற எந்நேரமும் அடுத்தவன் கத்திரிக் கொல்லயிலதான் மேயுது. அவன் கழியத் தூக்கிக்கினு வர்றதுக்குள்ள நான் கத்திக்கினே ஓடணும். பதட்டத்துல வாய்ல வர்ற வார்த்த அதுதான ஆவும்?”

என் பட்டியலில் இது இல்லை. காலைப் பிடித்தால் வருவதும் பதற்றம், கத்திரிச்செடி போனால் வருவதும் பதற்றம். பயிற்சி என்றால் இதுதான். ராணியக்காவுக்குத்தான் வெட்கம். “தெருவே சிரிக்குதும்மா. இப்ப நானும் அப்பிடித்தான் கூப்புட வேண்டியிருக்குது. லட்சுமின்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது.”

தேர்வு ஆட்டம் வில்லியனூரில், ஒரு சாயங்காலம். கோடெல்லாம் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது. புள்ளிகள் சமமாக நின்றபோது கடைசிப் பாட்டு செல்வியுடையது. உள்ளே போனாள், ஒருத்தியைத் தொட்டாள், திரும்பினாள். இரண்டு பேர் காலில் விழுந்து பிடித்தார்கள். “கபடி கபடி கபடி...” மூச்சு திணறியது. அடுத்துப் பல்லிடுக்கில் ‘ச’ எழுவது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. கல்லூரி போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது கூட்டத்தில் ராணியக்கா எழுந்து, எதிரே கத்திரிக் கொல்லையே இருப்பதைப்போலக் கத்தினார்:

“ஏய் கபடி! வூட்டுக்கு வாடி!”

மைதானமே திரும்பிப் பார்த்தது. செல்வி திரும்பவில்லை. “கபடி!” என்று ஒரு கத்தல், இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். விரல் நுனி சுண்ணாம்புக் கோட்டில்.

எதிரணிப் பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். “வெளியேருந்து சொல்லித் தர்றாங்க சார்!”

“நான் எங்க ஆட்டக் கூப்புட்டேன். ஒனக்கு இன்னா?” என்றார் ராணியக்கா.

நடுவர் சுற்றும்முற்றும் பார்த்தார். “ஆடு எங்கம்மா?”

“வூட்ல.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைச் செல்வி பக்கம் தூக்கினார். முதலாளியின் இரண்டு பல் சந்தும் தெரிந்தது. அந்த வருஷம் செல்வி கல்லூரிக்குப் போனாள்.

எனக்கும் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. சர்க்யூட் போர்டுகளுக்கு நடுவில் வருஷங்கள் ஓடிவிட்டன. பஸ்ஸில் அந்த ஸ்ப்ரே வாசனை பட்ட பிறகு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாகூர் போனேன்.

அறக்கட்டளை நன்றாகவே இருக்கிறது. சொந்தக் கொட்டகை, நீலமும் மஞ்சளுமாக மேட் விரிப்பு. புதுப் பலகையில் ‘கபடி அறக்கட்டளை’ என்றிருக்கிறது. மீன் குஞ்சு கேட்டு யாரும் வருவதில்லையாம். பழைய அறையில் சொட்டுநீர்க் குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. செல்வி இப்போது பள்ளியில் விளையாட்டு ஆசிரியை; அன்றைய ஆட்டத்துக்கு அவள்தான் நடுவர்.

கரியமாணிக்கத்துப் பெண் ஒருத்தி பாடிப் போனாள். கணுக்கால் பிடிபட்டது. “கபடி கபடி சடுகுடு...”

செல்வி ஒரு நொடிகூட யோசிக்காமல் விசில் ஊதினாள். இடைவேளையில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சியபடி நின்றாள். செல்வி அருகே போனாள்.

“இன்னாடி, வூட்ல ஆடு இருக்குதா?”

அன்று ராணியக்கா முதலாளியைப் பார்த்த அதே பார்வை. “ஆடா? எங்க தெருவுலயே இல்ல மிஸ். ஸ்கூட்டிதான் இருக்குது.”

செல்வி என்னைப் பார்த்தாள். நான் மனத்துக்குள் வரிசை போட ஆரம்பித்திருந்தேன். கோழி, நாய், பூனை. அடுத்தவர் கொல்லைக்கு மேயப் போகிற எதுவும் கிடைக்கவில்லை. மேய்வதற்கு அந்தக் கத்திரிக் கொல்லையும் இல்லை. அங்கே மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள் என்று செல்வி காலையில்தான் சொல்லியிருந்தாள்.

செல்வி ஆட்டுக்குப் பெயர் வைத்த கதையை அவளுக்குச் சொன்னாள். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு தீவிரமாக யோசித்தாள்.

“எங்க தம்பிக்கு வெக்கலாமா மிஸ்? அவன்தான் எந்நேரமும் அடுத்தவங்க வூட்லயே கெடக்கறான்.”