பச்சை மைக் கையெழுத்து

சேர்க்கை விதிகளில் நான்காவது தெளிவாகவே இருக்கிறது: உச்ச வயது வரம்பு இல்லை. மனுவுக்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பதும் விதிதான். நான் ஓய்வு பெற்ற வட்டாட்சியர், வயது அறுபத்து நான்கு. சேலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் வனவிலங்கு, இயற்கை வளப் படிப்புக்கு ஆனியில் விண்ணப்பித்தேன். ஆவணியும் முடிந்தது. பதில் இல்லை.

இந்த வயதில் எதற்குப் படிப்பு? என் மனைவி போன தையில் இறந்துவிட்டாள். வெண்ணந்தூர் ஏரிக்கரையில் நடக்கும்போதெல்லாம், "நெத்தியில வெள்ளையா இருக்கே, அது என்ன பறவைங்க?" என்று கேட்பாள். ஏரியின் சர்வே எண்ணைச் சொல்வேன். பறவையின் பெயர் தெரியாது. அவள் போனபின் மதியம் வரை படுத்தே கிடந்தேன். இந்தப் படிப்பும் கிடைக்காவிட்டால் இனி எழுந்து என்ன செய்வது என்று தோன்றியது. மிகைப்படுத்தவில்லை.

மூன்று நினைவூட்டுக் கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலிடத்துக்கு நகல். களைத்துப்போய், மாரியம்மன் கோயிலில் பூ கேட்கப் போனேன். வெள்ளைப் பூ என்றால் தொடரலாம், சிவப்பு என்றால் விட்டுவிட வேண்டும். பூசாரி அம்மன் முன் வைத்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. நம்பாமல், "இன்னொரு தடவை வைங்க" என்றேன்.

பூசாரி சிரித்தார். "ஏனுங்க, ஆத்தாகிட்டயே மேல்முறையீடுங்களா? அவ சொல்லிட்டா. கோளாறு உங்க காயிதத்துல இருக்கும், பாருங்க சாமி."

கோபம் வந்தது. காலமெல்லாம் அடுத்தவர் மனுவில் குறை கண்டவன் நான். பிராகாரத்தில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தேன். என் சான்றிதழ் நகல்களில் 'உண்மை நகல்' என்று எழுதி, பச்சை மையில் நானே கையெழுத்திட்டு, கீழே 'வட்டாட்சியர்' என்றும் எழுதியிருந்தேன். பழக்க தோஷம். ஓய்வு பெற்றவனின் சான்றொப்பம் செல்லாது. நானாக இருந்தால் அன்றே திருப்பியிருப்பேன். அவர்கள் அதைக்கூடச் செய்யாமல் கோப்புக் கட்டின் அடியில் போட்டுவிட்டார்கள். அந்த வேலையும் எனக்குத் தெரிந்ததுதான்.

அங்கேயே நீல மையில் புது மனு எழுதினேன். 'பிழை என்னுடையது' என்ற வரியைப் பணிக்காலத்தில் ஒருமுறையும் எழுதியதில்லை. பதவி போடவில்லை, பெயர் மட்டும். அம்மன் காலடியில் வைத்து அழுதேன். நகல்களுக்குப் பள்ளித் தலைமையாசிரியையிடம் சான்றொப்பம் வாங்கி, மறுநாள் அனுப்பினேன்.

இப்போது விடியுமுன் ஏரிக்கரையில் நிற்கிறேன். என் மனைவி கேட்ட பறவை நாமக்கோழி. அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

உங்கள் மனுவும் எங்கேயோ அடியில் கிடந்தால், ஆத்தாவிடம் சொல்லுங்கள். பிறகு அவள் காட்டும் இடத்தைப் பாருங்கள், அது உங்கள் கையெழுத்தாகவே இருந்தாலும்.

சேர்க்கை ஆணை என் கைக்கு வந்தது, புரட்டாசி பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை.