தேனீப் பெட்டிகளோடு நின்ற லாரி

அக்கா லாரி ஓட்டப் போகிறாள் என்றதும் வீட்டில் முதலில் சிரித்தது தங்கைதான். அதுவரை அக்கா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். நாள் முழுக்கக் காலர் மட்டும். முழுச் சட்டையைக் கடையில் பார்த்தால்தான் உண்டு. ஒருநாள் போதும் என்று மெஷினை விட்டு எழுந்தவள், யாரும் சீந்தாத ஒரு பழைய டீசல் லாரியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். தங்கைக்கும் அவள் கணவருக்கும் தேனீ வளர்ப்பு. பூ எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டிகள் போக வேண்டும். சிரித்த தங்கைதான் கடைசியில் அந்த லாரியில் ஓயாமல் ஏறி இறங்கினாள்.

அந்த வருடம் குளிர் வந்ததும் லாரி முரண்டு பிடித்தது. வெயில் ஏறிவிட்டால் சொன்னபடி கேட்கும். விடியற்காலையில் இருமி இருமி வெள்ளைப் புகை கக்கிவிட்டு அடங்கிவிடும். குளிர் நேரத்தில் இன்ஜினுக்குள் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்குகள் போய்விட்டன என்றார் மெக்கானிக். நான்கையும் புதிதாகப் போட்டார். அடுத்து வந்த காலைகள் அவ்வளவாகக் குளிரவில்லை. சரியாகிவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

சூரியகாந்தி வயலுக்குக் கொண்டுபோகப் பெட்டிகளை ஏற்றிய அன்று பல் கிட்டும் குளிர். இருள் பிரியும் முன்பே பெட்டிகளின் வாசலை வலைத் துண்டால் அடைத்து, லாரியில் அடுக்கிக் கயிறு கட்டியாயிற்று. அக்கா சாவியைத் திருப்பினாள். பிளக் சூடேறுவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது. பழைய இருமல், பழைய புகை. மறுபடியும் அதே கதை. பேட்டரியும் தீர்ந்துவிட்டால் அதோகதிதான் என்று சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அடைத்த பெட்டிமேல் வெயில் விழுந்தால் உள்ளே தேனீக்கள் வெந்துபோகும். வாசலைத் திறந்துவிட்டாலோ, பறந்து போனவை லாரி கிளம்பும் நேரத்துக்குத் திரும்பியிருக்காது. தங்கை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிகள்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தாள். கிழக்கே மலைவிளிம்பு வெளுத்துவிட்டது.

தங்கையின் கணவர் ஒரு ஸ்ப்ரே டப்பாவோடு ஓடிவந்தார். காற்றுக் குழாயில் இதை அடித்தால் எப்பேர்ப்பட்ட இன்ஜினும் பிடித்துக்கொள்ளுமாம்.

“அது வேண்டாம் மாப்பிள்ளை. உள்ள பிளக் சூடா இருந்தா அப்படியே வெடிச்சு பிஸ்டன் உடைஞ்சிடும்.”

“பிளக் சூடா இருந்தாத்தான் வண்டி எப்பவோ கிளம்பியிருக்குமே அண்ணி.”

அவர் எரிச்சலில்தான் சொன்னார். அக்காவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. பிளக் புதிது என்பதாலேயே இத்தனை நாளும் அந்தப் பக்கம் அவள் யோசிக்கவில்லை. அதற்குக் கரண்ட் போகிறதா என்று யார் பார்த்தார்கள்?

பானெட்டைத் தூக்கினாள். ஒரு பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி வைத்திருந்த சோதனை விளக்கை எடுத்து, ஒரு நுனியை இன்ஜின் உடம்பில் மாட்டினாள். தங்கையை ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொல்லிவிட்டு, நான்கு பிளக்கையும் சேர்க்கும் பட்டையில் மறு நுனியை வைத்தாள். பல்பு எரியவில்லை. பேட்டரிக் கரண்டைப் பிளக்குக்கு அனுப்பும் ரிலே மட்டும் ஓரத்தில் டக்கென்று சத்தம் போட்டது. ஒயரை அங்கே கொண்டுபோனாள். பேட்டரியிலிருந்து வரும் பக்கம் பல்பு பளிச்சென்று எரிந்தது. பிளக்குக்குப் போகும் பக்கம் இருட்டு.

“சத்தம்தான் போடுது, வேலை ஒண்ணும் நடக்கல,” என்றாள் அக்கா. “எங்க பழைய சூப்பர்வைசர் மாதிரி.”

அந்த நேரத்திலும் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாற்று ரிலேவுக்குக் கடை திறக்கும்வரை காத்திருக்க முடியாது. ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கொடுக்கும் தடித்த கேபிளை மாப்பிள்ளை கொண்டுவந்தார். ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் கடிக்கவிட்டு, மறு முனையின் ரப்பர் பிடியைப் பிடித்து அக்கா நேரே பிளக் பட்டையில் அழுத்தினாள். பொறி பறந்தது. கேபிள் கையில் வெதுவெதுப்பாகும்வரை அழுத்திய பிடியை விடவில்லை.

“இப்ப அடி.”

தங்கை சாவியைத் திருப்பினாள். ஒரு இருமல். உள்ளே ஏதோ ஒன்று பிடித்தது, பின்னாலேயே மற்றவையும் பிடித்தன. லாரி முழு உடம்பையும் உலுக்கிக்கொண்டு, படபடத்து, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அக்கா கேபிளை எடுத்துவிட்டாள். தங்கை ஸ்டியரிங்மேல் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். “நகரு, நான்தானே ஓட்டணும்,” என்று அவளைத் தோளால் தள்ளிவிட்டு அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

வெயில் உறைக்கும் முன்பே சூரியகாந்தி வயலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இறக்கி வைத்த ஒவ்வொரு பெட்டியிலும் தங்கை காது வைத்துக் கேட்டாள். எல்லாவற்றிலும் உயிருள்ள ரீங்காரம். ஒன்றில் மட்டும் வாசலோரம் கொஞ்சம் செத்துக் கிடந்தன. வலையை எடுத்ததும் மற்றவை தட்டுத்தடுமாறி வெளியே வந்து, இடத்தை ஒரு வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் பூக்களைத் தேடிப் போயின.

மாப்பிள்ளை வயல்காரரிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடித்ததே தான்தானாம். வரப்பில் துண்டை விரித்துக் கால் நீட்டிப் படுத்த அக்கா, அவர் கதையை முடிப்பதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தாள்.