கொட்டகையில் முடிந்த நாவல்

தேயிலை விலை விழுந்து, பேக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடின காலம். கொழுந்து ஏற்ற லாரி வரும்வரைக்கும் சின்னம்மையின் மகள் ரேணுகா கொட்டகையில் உட்கார்ந்து நாவல் வாசிப்பாள். பறிக்கிற பெண்கள் எல்லாரும் கேட்பார்கள். அன்றைக்குக் கடைசிப் பக்கம். விட்டுட்டு ஓடின அப்பனை மகள் மன்னித்துவிட்டாள்.

“நல்ல முடிவுங்க. பிள்ளைக்கு அப்பன் வேணாமா?” என்றாள் யூனிஸ்.

“அப்படின்னா நீயே கூட்டிட்டுப் போய்ச் சோறு போடு!” என்றாள் சரிதா.

மூணு வருசத்துக்கு முன்னால் திருப்பூருக்கு வேலை தேடிப் போய், ஒரு கடுதாசிகூடப் போடாத சின்னம்மையின் புருசன் காத்தமுத்து, காலையில் திரும்பி வந்தவன், பையோடு கொட்டகை வாசலில்தான் நின்றிருந்தான். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“நீ என்னடி சொல்றே?” என்று சின்னம்மை மகளைக் கேட்டாள்.

ரேணுகா புத்தகத்தை மூடினாள். “கதையில அந்த ஆளு முதல்ல மன்னிப்புக் கேட்டாரும்மா.”

வெளியே லாரி ஹாரன் அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

“ரேணு...” என்றான் காத்தமுத்து. பையைக் கீழே வைத்தான்.

“மன்னிப்புக் கேளுங்க,” என்றாள் சின்னம்மை. “லாரி நிக்கட்டும்.”