அடிப்பக்கம் பார்க்கும் மேவிஸ் அத்தை

சாஸரைக் கவிழ்த்து மூக்குக்கு அருகே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் அடிப்பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கிறாள் மேவிஸ் அத்தை. கோப்பை இடது கையில் இருக்கிறது, ததும்பத் ததும்பத் தேநீரோடு. நடப்பது கல்யாண விருந்து. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று கண்கலங்கப் பேசிக்கொண்டிருக்கிறார். அத்தையை யாரும் தப்பாக நினைக்கவில்லை. எப்படி நினைப்பார்கள்? மேசையில் பாதிப் பேர் தங்கள் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் பீங்கான் ஊரான பர்ஸ்லெம்மில் பிறந்த கைக்கு இது தானாக வரும். வெளியூர் ஓட்டலில் எங்கள் ஊர்க்காரர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சாப்பாடு வருவதற்கு முன்னால் தட்டைக் கவிழ்த்து, எந்தப் பட்டறை முத்திரை என்று பார்ப்பார்கள். நம் ஊர் முத்திரை என்றால் சாப்பாடு பிரமாதம். வேறு ஊர் என்றால் உப்புக் கம்மி. பழக்க தோஷத்தில் சாப்பாடு வந்த பிறகு கவிழ்த்தவர்களும் உண்டு. ஒரு துக்க வீட்டில் மேவிஸ் அத்தை சாஸர் என்று நினைத்துக் கோப்பையைத் திருப்பி, பாதிரியாரின் மடியில் முழுத் தேநீரையும் கொட்டினாள். "மன்னிச்சுக்கோ கண்ணு" என்று அவர் மடியைத் துடைத்துக்கொண்டே கோப்பையின் அடியையும் பார்த்துவிட்டாள். "பரவால்ல, நம்ம ஊர்ப் பாத்திரம்தான்" என்று அவருக்கு ஆறுதலும் சொன்னாள்.

மற்றவர்கள் பட்டறையின் பெயரைத் தேடுகிறார்கள். அத்தை தேடுவது அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கீறலை. பிறை போல ஒரு சிறு வளைவு, அதன் வயிற்றுக்குள் மூன்று புள்ளிகள். அது அவளுடைய அம்மா ஹில்டாவின் அடையாளம். ஹில்டா லார்க் ஹில் பட்டறையில் ஜாடிகளுக்குக் கோடு பிழிந்தவள். கேக்கின் மேல் கிரீம் பிழிவார்களே, அதுபோல, ரப்பர்ப் பையில் மண்கூழை நிரப்பி, மெல்லிய குழாய் வழியாகப் பூவும் இலையுமாகப் பிழிய வேண்டும். அந்தக் கோடு வரப்பு மாதிரி நிற்கும். வரப்புக்குள் இன்னொருத்தி வண்ணத்தை ஊற்றுவாள். முடிந்ததும் ஈரமான அடியில் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறிவிட்டு அடுத்த ஜாடியை எடுக்க வேண்டியதுதான். ஹில்டா தன் ஆயுளில் எத்தனை ஜாடிகள் பிழிந்தாளோ, கணக்கே கிடையாது. மகளின் வீட்டில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

காரணம் இரண்டாம் உலக யுத்தம். அப்போது இந்த நாட்டில் விற்பதற்கு வெறும் வெள்ளைப் பாத்திரம் மட்டும்தான் அனுமதி. பூப்போட்டதெல்லாம் கப்பல் ஏறிக் கடல் கடந்து போக வேண்டும். யுத்தம் முடிந்த பிறகும் பல வருஷம் அதே சட்டம். பகலெல்லாம் மாதுளம்பழமும் மயிலிறகும் பிழிந்த பெண்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெள்ளைக் கோப்பையில் தேநீர் குடித்தார்கள். சட்டம் மாறி, நம் ஊர்க் கடையிலும் பூப்போட்டது கிடைக்கும் என்ற வருஷத்தில் ஹில்டாவின் நெஞ்சில் பட்டறை மண்ணின் தூசி கட்டியிருந்தது. அவள் பட்டறைக்குத் திரும்பிப் போகவே இல்லை.

"எங்கம்மா கை பட்டது உலகம் பூரா இருக்கு. எங்கிட்டதான் இல்ல" என்பாள் அத்தை. அழுதுகொண்டெல்லாம் சொல்லமாட்டாள். ஓட்கேக் ஊற்றிக்கொண்டே சொல்வாள்.

அதுதான் அவள் தொழில். சர்ச் தெரு முனையில் ஜன்னல் மட்டுமே உள்ள ஒரு கடை. உள்ளே பெரிய இரும்புக் கல். விடிந்தும் விடியாமல் வரிசை நிற்கும். ஓட்ஸ் மாவைக் கரண்டியில் மொண்டு, கல்லில் ஒரு சுற்று. குமிழி வந்ததும் ஒரு திருப்பு. சீஸ், பேக்கன், மடிப்பு, காகிதம். புகையின் நடுவே அவள் முகம் பாதிதான் தெரியும். அந்தப் பாதி எப்போதும் எதையாவது விசாரித்துக்கொண்டிருக்கும். "உங்க வீட்டுப் பரண்ல பழைய ஜாடி எதாச்சும் இருக்கா கண்ணு? இருந்தா அடியைப் பாத்துட்டு வா. வாலாட்டாம நிஜமாப் பாத்துட்டு வரணும்."

வாலாட்டாமல் இருக்க முடியுமா? எங்கள் வீட்டுக்கு அவள் தேநீருக்கு வந்த ஒரு நாள், அவள் சாஸரின் அடியில் "கை வலிக்கலையா அத்தை?" என்று எழுதி ஒட்டி வைத்தேன். வழக்கம்போலத் திருப்பினாள், வாசித்தாள், இறக்கி வைத்தாள், தேநீரைக் குடித்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. மறுநாள் காலை என் சீஸ் ஓட்கேக்குக்குள் அந்தச் சீட்டு இருந்தது. நன்றாக வெந்திருந்தது.

அவள் வீட்டுக்காரர் ரெக் பேச்சில் குறைந்தவர் இல்லை. "வர்ற விருந்தாளி மூஞ்சியைப் பாக்க மாட்டா. அவங்க பாத்திரத்தோட அடியைத்தான் பாப்பா" என்பார். அத்தை உடனே, "உன்னைத் திருப்பிப் பாக்காமக் கட்டிக்கிட்டேன் பாரு, அது ஒண்ணுதான் தப்பு" என்பாள். இந்தச் சண்டையைக் கேட்கவே சிலர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அவளுடைய முன்னறைக்குள் போனால் வேறு உலகம். சுவர் முழுக்கப் பலகைகள், பலகை முழுக்க ஜாடிகள். சந்தையில், பழைய சாமான் கடையில், கார் டிக்கியில் வைத்து விற்பவர்களிடம் பொறுக்கியவை. அடியில் அம்மாவைத் தேடிப் போய், வேறு யாரோ இருந்தாலும் விட்டுவிட்டு வர மனம் இல்லாமல் தூக்கி வந்தவை. ஒவ்வொன்றையும் பிழிந்தவளின் பெயரால்தான் கூப்பிடுவாள். "இது டோரிஸ். இடது கைக்காரி, இலையெல்லாம் அந்தப் பக்கம் சாயும் பாரு. இது லில்லி கோல்க்ளோ. காதல்ல இருந்திருக்கா, ஒரு கோடும் நேரா இல்ல."

பழைய காலத்தில் கையால் செய்த ஜாடி மேல் இந்த ஆசை எப்படித் தொடங்கியது என்பதை அவள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். பள்ளியில் சொன்னபோது நான் வேறு வேலையாக இருந்தேன். விக்டோரியா ராணி காலத்தில் இயந்திரங்கள் வந்து எல்லாத் தட்டையும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஆக்கிவிட்டன. பார்க்கப் பார்க்க அலுத்துவிட்டது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாத ஜாடி வேண்டும், அதைச் செய்த ஆளின் கை அதில் தெரிய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஓவியப் பள்ளிப் பெண்கள் பட்டறைக்குள் வந்தார்கள். செய்தவள் தன் பெயரை அடியில் கீறலாம் என்று ஆனது. சூளைக்காரர்கள் ராத்திரி பகலாக நெருப்போடு மல்லுக்கட்டினார்கள். ஒரே மெருகைப் பூசி ஒரே சூளையில் வைத்தாலும் ஒன்று ஈரல் நிறத்தில் வரும், ஒன்று சூரியன் மறையும் நிறத்தில் வரும். அப்புறம் வந்த தலைமுறைக்கு இதெல்லாம் பழசாகிப் போய், அவற்றில் நாய்க்குத் தண்ணீர் வைத்தார்கள். இன்று அதே நாய்க் கிண்ணத்தைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள்.

மாலை வெயில் அந்த அறைக்குள் சாய்வாக வரும் நேரத்தில் போய் உட்கார்ந்தால்தான் எதற்காக என்று புரியும். வெயில் மெல்லப் பலகை மேல் நடக்கும். ஒரு ஜாடி விழிக்கும், பக்கத்தது விழிக்கும். நீலம் மேற்பரப்பில் இருக்காது. குளத்துக்கு அடியில் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி ஆழத்தில் எங்கோ இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த மாதுளைகள் மெதுவாக மிதக்கத் தொடங்கும். அத்தை பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன். ரெக் வந்து, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்கும்வரை அப்படியே இருப்போம்.

இனி சிரில் தாத்தாவின் ஜாடி. சிரில் புளூர் என் அம்மாவுக்குத் தாய்மாமன். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய கணப்படுப்பின் மேல் மூடி போட்ட ஒரு ஜாடி இருக்கிறது. கரும்பச்சை, அதில் சிவப்பு மாதுளைகள். கனடாவில் இருந்த கொழுந்தியாள் இறந்தபோது வைக்கோல் திணித்த பெட்டியில் வந்தது. லார்க் ஹில் வேலை என்பது அறை வாசலிலிருந்தே அத்தைக்குத் தெரியும். வருஷமும் பொருந்துகிறது. இடது ஓரத்து இலை சுருண்டு நிற்கும் விதம் அவள் அம்மாவுடையது மாதிரியே இருக்கிறது. ஆனால் இலையை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. அடியைப் பார்க்க வேண்டும்.

பார்க்க முடியாது. ஜாடிக்குள் சிரில் தாத்தாவின் மனைவி நோரா இருக்கிறாள். அதாவது, அவளுடைய சாம்பல்.

"நோராவை யாரும் தலைகீழா ஆக்கக்கூடாது" என்பது தாத்தாவின் ஒரே கட்டளை. எங்கள் ஊரில் இப்படிச் சொல்லிவைப்பது அவசியம். அவள் இறந்த வாரமே துக்கம் கேட்க வந்த ஒருவர் கையை நீட்டிவிட்டார்.

அத்தை நீட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓட்கேக் பொட்டலத்தோடு வந்து, ஜாடிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வானிலை பேசுவாள். வலது கை மட்டும் மடியில் தானாக ஒரு பாதி வட்டம் திரும்பி, மறுபடி அடங்கும். ஏன் வருகிறாள் என்று தாத்தாவிடம் அவள் சொன்னதில்லை. கேட்டால், செத்துப்போன ஒருத்தியின் இடத்தைக் கேட்பது மாதிரி ஆகிவிடுமாம். தாத்தாவோ அவளும் மற்றவர்களைப் போல ஜாடியை நோட்டம் விடுகிறாள் என்று நினைத்து, பேச்சோடு பேச்சாக அவளுக்கும் ஜாடிக்கும் நடுவில் வந்து நிற்பார். இரண்டு பேரும் ஓட்கேக் தின்றுகொண்டே ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள்.

யாரோ ஒருவர் தாத்தாவிடம் ஹில்டாவின் கதையைச் சொல்லிவிட்டார்கள். யார் என்று கேட்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை உள்ளே வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் தாத்தா பொரிந்துவிட்டார்.

"இத்தனை நாளா வாயில என்ன வச்சிருந்த, மேவிஸு? ஓட்கேக்கா?"

"என்ன சிரில்ண்ணே?"

"உங்கம்மா விஷயம்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நோரா அண்ணியை எப்படிண்ணே கவுக்கச் சொல்றது?" என்றாள் மெல்ல.

"எவன் கவுக்கச் சொன்னான்? நாப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில வேலை பாத்தேன். பஸ்ஸையா கவுத்தேன்? நான்தான படுத்தேன்? படு."

"எங்க?"

"தரையிலதான். வேற எங்க? மகாராணிக்கு மெத்தை போடணுமா?"

பர்ஸ்லெம் முழுக்கத் தேடினாலும் இந்த யோசனை ஒரு மண்டையிலும் உதித்திருக்காது. அடியைப் பார்ப்பது என்றால் எங்களுக்குத் திருப்புவதுதான். வேறு வழி ஒன்று உண்டு என்பதே தெரியாது.

அத்தை கணப்புக்கு முன்னால் விரிப்பில் மல்லாக்கப் படுத்தாள். பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். தாத்தா ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, அவள் முகத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தினார். நெருப்பு வெளிச்சம் ஜாடியின் வயிற்றில் ஆடியது. மாதுளைகள் பச்சைக்குள் மிதந்தன. நான் டார்ச் லைட்டைப் பிடித்தேன். சிரிப்பு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை.

அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியுதா?" என்றார் தாத்தா.

"அவசரத்துல இருந்திருக்கா" என்றாள் அத்தை. குரல் எங்கிருந்தோ வந்தது. "மூணாவது புள்ளி சரியாக் குத்தலை. வீட்டுக்குப் போற மணி அடிச்சிருக்கும்."

கையை உயர்த்தி, கட்டை விரலை அந்தக் கீறலின் மேல் வைத்தாள். தாத்தா ஜாடியைத் தாங்கிக்கொண்டு நின்றார். "போதும்" என்று அவரும் சொல்லவில்லை, அவளும் விரலை எடுக்கவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தபோது, தாத்தா மேசைமேல் ஜாடியை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். கழுவித் துடைத்து, உள்ளே வெள்ளைத் துணி விரித்து, தயாராக வைத்திருந்தார். மூடியில் ஒரு நாய்க்குட்டி படம்.

"இதுல அவளுக்கு ஒரு குறையும் வராது. இந்த பிஸ்கட்டுன்னா அவளுக்கு உசிரு" என்றார், யாரையும் பார்க்காமல். "ஜாடி உங்கம்மாவுது. நீ கொண்டு போ, பொண்ணே."

ஜாடியின் மூடியைத் திறந்தார். திறந்தவர், உள்ளே பார்த்தபடி நின்றுவிட்டார்.

மேவிஸ் அத்தை எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, மேசைக்கு வந்தாள். அவர் கையிலிருந்து மூடியை வாங்கினாள். பச்சை ஜாடியின் வாயில் அதைப் பொருத்தி, காய்த்துப்போன உள்ளங்கையை அதன் மேல் வைத்து, அது அசையாமல் நிற்கும்வரை மெதுவாக அழுத்தினாள்.